பன்னிரண்டாவது பங்கு

‘உப்புக் கிடங்கு’ படத்துக்கு இரண்டாம் பாகம் வேண்டும், கதையை எழுதிக் கொடுங்கள் என்று டைரக்டர் நிரஞ்சன் ஆறு மாதமாக என்னைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். எழுத மாட்டேன் என்றுதான் இருந்தேன். இப்போது எழுதுகிறேன். ஏன் மனம் மாறினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். பொறுமை இல்லாதவர்கள் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போகலாம். நானும் அப்படிப்பட்டவள்தான்.

முதல் பாகம் நான் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் எழுதிய நாவல். மழை அடியோடு நின்றுபோய் நஞ்சுத் தூசி பறக்கும் காலம். தூத்துக்குடிக்கு வெளியே ஒரு பழைய உப்புக் கிடங்குக்குள் பதினோரு பேர் அடைந்து கிடக்கிறார்கள். சுவரில் ஓர் இரும்புப் பெட்டி. வாரத்துக்கு ஒருமுறை அதற்குள் சாப்பாட்டுச் சாமான் வரும், யார் வைக்கிறார்கள் என்று தெரியாது. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பானையில் ஓட்டுப் போட்டு ஒருவரை வெளியே தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் அடுத்த வாரம் பாதிதான் வரும். கடைசியில் சாமிக்கண்ணு என்பவன் தன் மனைவி பொன்னியையே தூசிக்குள் தள்ளிவிட்டு, மிஞ்சிய சோற்றைத் தனியாக உட்கார்ந்து தின்பான். அந்தக் கடைசிப் பக்கத்துக்காக எனக்கு இரண்டு விருது கொடுத்தார்கள்.

சாமிக்கண்ணு வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர் இசக்கியப்பன்தான். திருநெல்வேலியில் மேடை நாடகம் போடுகிறவர். நானும் அவரும் நான்கு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தபோது எழுதிய நாவல் அது. எதற்காகச் சண்டை என்பது இப்போது இருவருக்குமே ஞாபகம் இல்லை. ஆனால் கோபத்தில் நான் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. சவரம் செய்யும்போது முனகும் பாட்டு, கொய்யாப்பழத்துக்கு உப்பு தொட்டுக்கொள்வது, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடுவது, ஒத்திகையில் வசனம் மறந்தால் காதைத் தடவுவது, அவருடைய அம்மா அவரைத் திட்டிய திட்டுகள், எங்களுக்குக் குழந்தை இல்லாதது, எல்லாவற்றையும் எடுத்து சாமிக்கண்ணுவுக்குக் கொடுத்துவிட்டேன்.

புத்தகம் வந்ததும் அவர் ஒரே மூச்சில் படித்தார். நான் சமையலறை வாசலில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா ஏட்டி, நா எங்க குறட்டை விடுதேன்? அது மட்டும் பொய்யி" என்றார். எங்கள் சண்டை அத்தோடு முடிந்தது.

பத்து வருடம் கழித்து அதைப் படமாக்க நிரஞ்சன் வந்தபோது இவர் குதித்த குதி இருக்கிறதே. "என்னையப் பாத்து எழுதுனத வேற எவனோ நடிச்சுட்டுப் போவான், நா டிக்கெட் வாங்கிப் பாக்கணுமாக்கும்?" என்று ஒற்றைக்காலில் நின்றார். நிரஞ்சனுக்கும் அவரைப் பிடித்துப்போயிற்று. ஆனால் ஒரு நிபந்தனை சொன்னார். உள்மேக்கப் போட வேண்டும்.

உள்மேக்கப் என்றால் என்ன என்று இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். எந்திரமே முகம் வரைந்து, எந்திரமே கண்ணீர் விட்டு, எந்திரமே படம் எடுத்துத் தள்ளிய காலத்தில் ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. நிஜமான மனுஷன் நிஜமாகப் பயப்படுவதைப் பார்த்தால்தான் காசு கொடுப்போம் என்றார்கள். அதற்குக் கண்டுபிடித்தது இது. எங்கள் படத்துக்கு இதைப் போட வந்தவர் டாக்டர் ரஹ்மத் நிஷா. முப்பது வயதுக்காரி, சுருக்கமாகப் பேசுவார், கை மட்டும் சும்மா இராது, எதையாவது மடித்துக்கொண்டே இருக்கும்.

"முகத்துக்குப் பதிலா மூளைக்குப் போடுறோம், அவ்வளவுதான் மேடம்" என்றார் நிஷா. "நாவலை மூணு தடவை படிக்கச் சொல்வோம். படிச்சதெல்லாம் கதைப் பக்கம் போயிடும். அப்புறம் மருந்து. முழிச்சா அவர் சாமிக்கண்ணு. உங்களையோ, நாடகத்தையோ, தெருப்பெயரையோ எதுவும் தெரியாது."

"திரும்பி வர்றதுக்கு?"

"கலைக்கிறதுக்கு ஒரு குறி இருக்கும். கதையில் எங்கேயும் வராத ஒரு பொருள், இல்ல ஒரு சத்தம். அதைப் பார்த்ததும் கலைஞ்சிடும். பதினோரு பேருக்கும் பொதுவா ஒண்ணு வெச்சிருக்கேன், பூசணிக்காயைத் தரையில போட்டு உடைக்கிறது. ஷூட்டிங் முடிஞ்சா எப்படியும் உடைப்பாங்க. உங்க நாவல்ல பூசணிக்காயே இல்ல, தேடிப் பார்த்துட்டேன். அது போக ஒவ்வொருத்தருக்கும் சொந்தமா ஒரு குறி, ஒரு பாதுகாப்புக்கு. சட்டம் அப்படி. உங்க வீட்டுக்காரருக்கு எது வைக்கலாம்?"

"நான் அத்தான்னு கூப்பிட்டா எந்தத் தூக்கத்துல இருந்தாலும் முழிப்பாரு" என்றேன்.

"நாவல்ல அது இல்லையே?"

"இல்லை" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டேன். எழுதியவளே சொல்லும்போது அந்தப் பெண் ஏன் சரிபார்க்கப் போகிறாள்.

"இருபத்தொரு நாள்தான் மேடம். அதுக்கு மேல போனா ஒட்டிக்கும். அப்புறம் எந்தக் குறிக்கும் கலையாது" என்றார் நிஷா.

தருவைகுளம் பக்கம் உப்பளங்களுக்கு நடுவே நிஜமாகவே கைவிடப்பட்ட ஒரு கிடங்கைப் பிடித்திருந்தார்கள். சுவரெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கேமராக்கள். வெளியே ஒரு கண்டெய்னருக்குள் நாங்கள் மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். உள்ளே போகும் நாளன்று இசக்கி என் தலையில் ஒரு தட்டு தட்டி, "சாமிக்கண்ணு ஒன்னிய வையத்தான் செய்வான், கோவிச்சுக்கிடாத" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று பூஜையும் நடந்தது. தேங்காய், கற்பூரம், சுண்டல், எல்லாம் முறைப்படி.

முதல் வெள்ளிக்கிழமை அவர்கள் ஓட்டுப் போட்டார்கள். பானையைக் கவிழ்த்தால் ஓட்டு எல்லாம் ஆளுக்கு ஒன்றாகப் பிரிந்து கிடந்தது. ஆளுக்கு ஆள் தன் பெயரையே எழுதிப் போட்டிருந்தார்கள். பொன்னியாக நடித்த பவித்ரா மட்டும் நன்றாகத் தூங்கிவிட்டதால் ஓட்டே போடவில்லை.

"இது நாவல்ல இல்லையே மேடம்" என்றார் நிரஞ்சன்.

"பசி ஏறட்டும். பசி வந்தா எல்லாரும் சாமிக்கண்ணுதான்" என்றேன். அதை நான் நம்பவும் செய்தேன். நாவல் முழுக்க அதைத்தானே எழுதியிருக்கிறேன்.

அடுத்த வாரம் பெட்டியில் பாதிதான் வைத்தார்கள். நிஷா தினமும் உடம்பைக் கணக்கிட்டு, உயிருக்கு ஆபத்தில்லாத அளவு, ஆனால் வயிறு காய்கிற அளவு கொடுத்தார். இரண்டாம் வெள்ளியும் யாரையும் தள்ளவில்லை. என் வீட்டுக்காரர் சமையலை எடுத்துக்கொண்டார். வீட்டிலும் அவர்தான் சமையல், நான் குறை சொல்வதோடு சரி. உப்புக் கிடங்கில் உப்புக்குப் பஞ்சமில்லை, வேறு எல்லாவற்றுக்கும் பஞ்சம். ஒரு பிடிப் பருப்பைப் பதினோரு பேருக்குக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தார். தெரசா அக்கா என்று ஒரு நடிகை, ஐம்பது வயது, மீன் சந்தையில் இருப்பது போல எந்நேரமும் சத்தம் போடுகிறவர். அவரே பசியில் சத்தம் குறைந்து உட்கார்ந்திருந்தார். நிரஞ்சன் நகத்தைக் கடித்துக்கொண்டு மூன்றாம் வெள்ளிக்காகக் காத்திருந்தார்.

பதினாறாம் நாள் மத்தியானம் அந்தக் கூத்து நடந்தது. எங்களுக்கெல்லாம் பிரியாணிப் பொட்டலம் வந்திருந்தது. நான் பிரித்து வாயருகே கொண்டுபோகிறேன், மானிட்டரில் தெரசா அக்காவின் குரல்.

"ஏ மக்கா, இங்க வந்து பாருங்க! சாக்குக்குப் பின்னால என்ன கெடக்குன்னு பாருங்க!"

பூசணிக்காய். பெரியது, சாம்பல் பூத்தது, ஒரு கைக்குழந்தை அளவு இருக்கும்.

கண்டெய்னருக்குள் எல்லோரும் புரொடக்‌ஷன் மேனேஜர் பிச்சாண்டியைத் திரும்பிப் பார்த்தோம். நாற்பது வருட சினிமாக்காரர். முகம் வெளுத்துவிட்டது.

"சார், பூஜையன்னிக்கு வாங்குன காயைத்தான் சார் கடைசி நாள் உடைக்கணும். அதுவரைக்கும் செட்டுக்குள்ளயே இருக்கணும். அப்பதான் மொத்தத் திருஷ்டியும் அதுல ஏறும். எல்லாப் படத்துக்கும் அப்படித்தான் வைப்பேன். சாக்குக்குப் பின்னால யாரு பார்க்கப்போறாங்கன்னு..."

"பசியில இருக்கிற பதினோரு பேர் பார்ப்பாங்க பிச்சாண்டி!" என்று கத்தினார் நிரஞ்சன்.

உள்ளே என் வீட்டுக்காரர் காயை மடியில் வைத்துத் தட்டிப் பார்த்தார். "தடியங்கா! எந்தப் புண்ணியவான் போட்டுட்டுப் போனானோ தெரியலயே" என்றார். பெரிய பாத்திரம் வேண்டும். அங்கிருந்த ஒரே பெரிய பாத்திரம் ஓட்டுப் பானை. ஒரு நொடி யோசித்தார். பிறகு அதைக் கழுவி அடுப்பில் வைத்துவிட்டார். என் நாவலின் மூன்றாம் வெள்ளி அந்த அடுப்பிலேயே போயிற்று.

கூட்டு வெந்ததும் பங்கு வைத்தார். பதினோரு தட்டு. எல்லாவற்றிலும் ஒரே அளவு. பிறகு பானையின் மூடியைத் திருப்பிப் போட்டு, அதில் ஒரு கரண்டி வைத்து, ஒரு டம்ளரைக் கவிழ்த்து மூடினார்.

"அது யாருக்கு?" என்றாள் பவித்ரா, அதாவது பொன்னி.

"தெரியல" என்றார். காதைத் தடவினார். "ஒரு ஆளு இன்னும் சாப்பிடல."

"பதினோரு பேரும் இங்கதான இருக்கோம்."

"இருக்கோம்லா. ஆனாலும் ஒரு ஆளு சாப்பிடல பொன்னி."

தெரசா அக்கா சண்டைக்கு வருவார் என்று பார்த்தேன். அவர் எழுந்து, தன் தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்து அந்த டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். "காய போட்டுட்டுப் போன மனுஷனாத்தான் இருக்கும். அவனுக்கும் பசிக்குமில்ல."

கண்டெய்னரில் ஒருவர் வாயிலும் பிரியாணி இறங்கவில்லை. பிச்சாண்டி வெளியே போய் உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகையும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. மனுஷர்களைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதி விருது வாங்கியவள் நான். ஒரு பானைக் கூட்டு அதைப் பொய்யாக்கிவிட்டது.

நிஷா மட்டும் அழவில்லை. கைக்குட்டையை மடித்துக்கொண்டே சொன்னார்: "சார், இன்னைக்கே முடிச்சிடணும். குறி கெட்டுப்போச்சு."

"வேற பூசணிக்காய் வாங்கிக்கலாமே?"

"காய் பிரச்சனை இல்ல சார். குறிங்கிறது கதையில எதுவாகவும் இருக்கக் கூடாது. இப்ப அவங்களுக்குப் பூசணிக்காய்ன்னா சாப்பாடு. கதைப் பக்கம் போயிடுச்சு."

வெள்ளிக்கிழமை வரை பொறுக்கும்படி நிரஞ்சன் கெஞ்சினார். தயாரிப்பாளர் போனில் கத்தினார். வெள்ளி வந்தது. ஓட்டுப் போடப் பானை இல்லை, போடும் எண்ணமும் யாருக்கும் இல்லை. பத்தொன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு பேக்கப் சொன்னார்கள்.

கிடங்குக் கதவைத் திறந்து நாங்கள் எல்லோரும் உள்ளே போனோம். பிச்சாண்டி புதுப் பூசணிக்காயின் மேல் கற்பூரம் ஏற்றி, மூன்று சுற்றுச் சுற்றி, ஓங்கித் தரையில் போட்டார். குங்குமமும் சதையும் நாலா பக்கமும் சிதறின. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.

பதினோரு பேரும் ஒரு நிமிஷம் சிலையாக நின்றார்கள். பிறகு என் வீட்டுக்காரர் பாய்ந்து வந்தார்.

"கூறு இருக்கா ஒமக்கு? சோத்தப் போட்டு ஒடைக்கீரு!"

பதினோரு பேரும் தரையில் மண்டியிட்டுத் துண்டு துண்டாகப் பொறுக்கினார்கள். தெரசா அக்கா சேலை மடியில் சேர்த்தார். பவித்ரா ஒவ்வொன்றாகக் குங்குமத்தைத் துடைத்தாள். பிச்சாண்டி அப்படியே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். என் வீட்டுக்காரருக்குக் கோபம் இறங்கிவிட்டது. "தூசி தலைக்கேறிட்டு போல, பாவம்" என்று சொல்லி, தன் பங்குத் தண்ணீரில் பாதியைக் கொண்டுவந்து நீட்டினார். "குடிங்க அண்ணாச்சி. செத்த நேரம் உக்காந்திருங்க, சரியாப் போவும்." நான் அவருக்கு நாலடி தூரத்தில் நின்றிருந்தேன். கதவு வழியாக வந்த யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போல என்னையும் பார்த்தார்.

மறுநாள் சொந்தக் குறிகளை எடுத்தார்கள். தெரசா அக்காவுக்கு அவர் வளர்க்கும் நாய் குரைத்த ஒலி. கேட்ட உடனே, "ஐயோ, எம் பிள்ளைக்குச் சோறு வச்சாங்களா?" என்று எழுந்து ஓடிவந்தார். பவித்ராவுக்கு அவள் அம்மா போனில் திட்டியது. ஒவ்வொருவராகப் பத்துப் பேரும் விழித்து, அழுது, சிரித்து வெளியே வந்தார்கள். இசக்கி ஒவ்வொருவர் கையையும் பிடித்துத் தடுத்தார். "வெளிய போவாதிய! தூசி கொன்னுரும்! சொன்னாக் கேளுங்க!" பத்தாவது ஆளும் கையை உருவிக்கொண்டு வந்த பிறகு கதவோரம் தனியாக நின்றார்.

என் முறை வந்தது. மைக்கைப் பிடித்துக் கூப்பிட்டேன். "அத்தான்."

அவர் சட்டென்று நிமிர்ந்தார். முகம் மலர்ந்தது. கிடங்கெல்லாம் தேடினார்.

"பொன்னி! எங்கட்டி இருக்க?"

மைக்கைக் கீழே வைத்துவிட்டேன். நிஷா நாவலைக் கணினியில் தேடிவிட்டுத் திரும்பினார். "மேடம், ‘அத்தான்’ இதுல நூத்திப் பதினேழு இடத்துல இருக்கு."

இருக்கும். பொன்னி என்ன, வானத்திலிருந்தா குதித்தாள்? நான்தானே அவள். என்னைப் போலத்தானே கூப்பிடுவாள்.

அன்று முழுக்க ஒவ்வொன்றாக முயன்றோம். சவரப் பாட்டு? மூன்றாம் அத்தியாயம். கொய்யாப்பழம்? ஐந்து. அம்மாவின் திட்டு? ஏழு, பதினொன்று. எங்கள் கல்யாணத்தன்று கரண்ட் போனது? அதுவும் இருந்தது. நிஷாவின் குரல் போகப் போகத் தாழ்ந்தது. "ஏதாவது ஒண்ணு மேடம். நீங்க எழுதாத ஒரே ஒண்ணு."

"அவரை வெளியே இழுத்துட்டு வந்துடலாமே?" என்றார் நிரஞ்சன். அவரும் பாவம், இரண்டு நாளாகத் தூங்கவில்லை.

"வெளியே வந்தா சாவுன்னு நம்புறார் சார். அந்தப் பயத்தோட இழுத்தா இப்பவே ஒட்டிக்கும்."

இருபத்தோராம் நாள். ஞாயிற்றுக்கிழமை. மாலை நாலு மணி வரை கெடு. நான் மானிட்டரை விட்டு நகரவில்லை. ஒரு மனுஷரின் எல்லாவற்றையும் எழுதி விற்றுவிட்டு, இப்போது வெளியே நின்று அவரைக் கூப்பிட ஒரு சொல் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். என் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவரை அத்தனை நேசித்தேன் என்பதும் அந்தக் கண்டெய்னருக்குள்தான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. இப்படி ஒரு பெண்டாட்டி.

ஒரு மணிக்கு அவர் சமைத்தார். மிஞ்சிய பருப்பு, தரையில் பொறுக்கிய பூசணித் துண்டுகள். தன் தட்டில் கொஞ்சம் வைத்தார். பிறகு இன்னொரு பங்கு வைத்தார்.

"பொன்னிக்குப் போல" என்றார் நிஷா மெதுவாக.

எனக்கும் அப்படித்தான் பட்டது, சுருக்கென்றது. நான் எழுதிய பெண் மீது எனக்கே பொறாமை. ஆனால் உற்றுப் பார்த்தேன். அவரைச் சுற்றிப் பத்துக் காலித் தட்டுகள் கிடந்தன. பொன்னியின் தட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் எதையும் எடுக்கவில்லை. பானை மூடியைத் திருப்பிப் போட்டு அதில் வைத்து டம்ளரைக் கவிழ்த்திருந்தார். பதினாறாம் நாளும் இதையேதான் செய்தார், அன்று தெரசா அக்கா சொன்னதை நானும் நம்பிவிட்டேன்.

நான் எழுந்துவிட்டேன்.

"அது பொன்னிக்கு இல்ல டாக்டர். எனக்கு."

நான் எழுத உட்கார்ந்தால் எப்போது சாப்பிட வருவேன் என்று எனக்கே தெரியாது. இருபத்தேழு வருடமாக அவர் சமைத்ததும் என் பங்கை மூடியில் வைத்து டம்ளரால் மூடிவிட்டுத்தான் தன் தட்டைத் தொடுவார். ஏன் தட்டில் வைக்கக் கூடாது என்று எத்தனையோ முறை எரிந்து விழுந்திருக்கிறேன். கழுவ ஒரு பாத்திரம் மிச்சமாம்.

"அது நாவல்ல இல்லையா?" என்றார் நிஷா.

"இருந்துச்சு. அடிச்சிட்டேன்."

ஆமாம், எழுதியிருந்தேன். நாலாம் அத்தியாயத்தில் ஒரே ஒரு வரி. திருப்பிப் படித்தபோது, இதைப் படிக்கிறவர்களுக்கு சாமிக்கண்ணுவைப் பிடித்துப்போய்விடுமே என்று பேனாவால் அடித்துவிட்டேன். கோபமாக இருந்தேன் அல்லவா.

"வேகமாப் போகாதீங்க. பேரு சொல்லாதீங்க. தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க" என்று நிஷா பின்னாலேயே ஓடிவந்தார். "அவர் கைக்கு என்ன பழக்கமோ அதுக்கு மட்டும் பதில் கொடுங்க."

கிடங்குக்குள் வெயில் கீற்றுக் கீற்றாக விழுந்திருந்தது. அவர் என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கெட்டியாகப் பிடித்தார். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, என் இசக்கி.

"யாரு நீங்க? தூசியிலயா வந்திய?"

வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன். நேரே போய் மூடிக்கு முன்னால் உட்கார்ந்தேன். டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தேன். சாப்பிட ஆரம்பித்தேன். பூசணியில் மண் நறநறத்தது.

அவர் தடுக்கவில்லை. எதிரே குந்தி உட்கார்ந்து என் வாயையே பார்த்தார். இரண்டாவது கவளம், மூன்றாவது கவளம். எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. நாலு மணி ஆனால் இந்த மனுஷர் என்னை யாரோ என்றுதான் பார்ப்பார், அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

அவர் காதைத் தடவினார். ஏதோ வசனம் மறந்துவிட்டது போல. பிறகு, தயங்கித் தயங்கி, கேட்டார்.

"உப்பு இருக்கா?"

சமைக்கும்போது ருசி பார்க்கவே மாட்டார். நான் சாப்பிடும்போதுதான் கேட்பார். தினமும் கேட்பார். நானும் தினமும் ஒரே பதிலைத்தான் சொல்வேன். திட்டம் போட்டெல்லாம் சொல்லவில்லை, வாயில் தானாக வந்தது.

"கம்மி."

அவர் என்னை முறைத்தார். முறைப்பு அப்படியே நின்றது. கண் மட்டும் மாறியது. கரண்டி கீழே விழுந்தது.

"ஏட்டி கோமதி," என்றார், "சுத்தி மூட்டை மூட்டையா உப்பு கெடக்கு. இதுக்குள்ள உக்காந்துக்கிட்டு உப்பு கம்மிங்கிற ஒரே பொம்பள ஒலகத்துல நீதாம்ட்டி."

நான் மூடியைத் தூக்கி எறிந்துவிட்டு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஓடட்டும். நிரஞ்சன் அதையே படத்தின் முடிவாக வைத்தார். நாவலில் இல்லாத முடிவு என்று ரசிகர்கள் எனக்குக் கோபமாகக் கடிதம் போட்டார்கள். ஜனங்கள் தியேட்டரில் எழுந்து நின்று கைதட்டவும் செய்தார்கள். பிச்சாண்டி வீட்டுக்கு வந்து ஒரு பூசணிக்காய் கொடுத்துவிட்டு, இதைக் கூட்டு வைத்துவிடுங்கள் அம்மா, உடைக்கிற வேலையை விட்டுவிட்டேன் என்றார்.

இனி, ஏன் மனம் மாறினேன் என்ற கதை.

இரண்டாம் பாகம் எடுக்கிறார்கள் என்றதும் இவர் மறுபடியும் ஒற்றைக்காலில் நிற்கிறார். "இந்தத் தடவ நல்லவனா எழுதுட்டி. மறுபடியும் உள்மேக்கப் போட்டுக்கிடுதேன். அதான் நம்மட்ட ஒரு குறி இருக்கே, ஒனக்கு என்ன பயம்?" என்கிறார். அழுது பார்த்தேன், பேசாமல் இருந்து பார்த்தேன். மசியவில்லை. நடிகர் ஜென்மம்.

நிஷாவைக் கூப்பிட்டு ஒரு சந்தேகம் கேட்டேன். நடிகர் படித்ததெல்லாம் கதைப் பக்கம் போய்விடும், வெளியே சொந்தமாக ஒரு குறிகூட மிச்சமில்லாத நடிகருக்கு உள்மேக்கப் போடச் சட்டத்தில் இடமில்லை, சரிதானே என்றேன். சரிதான் மேடம் என்றார் நிஷா. பிறகு போனிலேயே சிரித்தார்.

ஆகவே நிரஞ்சன், நீங்கள் கேட்ட இரண்டாம் பாகம் இதுதான். மூடி, டம்ளர், என் பங்கு, உப்பு எல்லாம் இதற்குள் வந்துவிட்டன. இனி வெளியே ஒன்றும் இல்லை. சாமிக்கண்ணு வேடத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் எழுதி முடித்ததை முதலில் படிப்பவர் அவர்தான். இன்றைக்கும் சமையலறையில் மூடியில் என் பங்கை வைத்துவிட்டு வந்து இதைப் படிப்பார். படித்துவிட்டுக் கத்துவார். கத்தட்டும், நான் போய்ச் சாப்பிடப் போகிறேன். ஆனால் ஒரு விஷயம், இவ்வளவையும் சொன்ன பிறகு மறைப்பானேன். அன்றைக்கு உப்பு சரியாகத்தான் இருந்தது. இருபத்தேழு வருஷமும் சரியாகத்தான் இருந்தது, அத்தான்.